சேலத்து அடுப்பில் சுவாகிலிக் கரையின் தேங்காய்ச் சோறு

ஆடி முதல் நாளில் தேங்காயின் கண்ணைத் துளைத்து, அவலும் பொட்டுக்கடலையும் எள்ளும் வெல்லமும் பாசிப்பயறும் அடைத்து, குச்சியில் செருகித் தீயில் சுட்டுத் தின்னும் ஊர்க்காரர்களுக்குத் தேங்காயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இராது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர், கணவரின் பணி நிமித்தம் தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுச் சேலம் அஸ்தம்பட்டிக்குத் திரும்பிய எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தூக்குவாளியில் கொடுத்தனுப்பிய சோறு வெளிறிய தேன் நிறத்தில் இருந்தது. கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, தேங்காய்த் துருவலின் ஒரு துணுக்குகூடக் கண்ணில் படவில்லை. ஆயினும் வாயில் வைத்ததும் முதலில் தெரிந்தது தேங்காய்தான். கிராம்பும் மிளகும் அதன்பின் மெதுவாக எழுந்து வந்தன.

நம் வீட்டுத் தேங்காய்ச் சாதத்தில் சோறு தனியாக வெந்து, ஆறி, உதிரியான பிறகே தேங்காய் அதனோடு சேர்கிறது. தாளிதம்தான் அந்தச் சாதத்தின் உயிர். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், லாமு, மொம்பாசா, சான்சிபார் வரிசையில், அரிசி தேங்காய்ப்பாலிலேயே வேகிறது. சுவாகிலி மொழியில் அதற்கு ‘வாலி வா நாசி’ என்று பெயர். வாலி என்றால் வெந்த சோறு, நாசி என்றால் தேங்காய். பெரும்பாலும் அது உப்பு மட்டும் சேர்த்த வெள்ளைச் சோறு. சீரகம், மிளகு, கிராம்பு, ஏலம், பட்டை ஆகியவற்றோடு கருகச் சிவந்த வெங்காயமும் சேர்ந்து சமைக்கப்படுவது அங்கே ‘பிலாவ்’. பெரியம்மா இவ்விரண்டையும் ஒரே பாத்திரத்தில் இணைத்துக்கொண்டார். நான் இங்கே எழுதுவதும் அந்த இணைப்பைத்தான். கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளில் தேங்காய்ப்பாலில் சோறு பொங்கும் வழக்கம் பழையது என்பதால், தமிழ் நாவுக்கு இது முற்றிலும் அந்நியமான உணவும் அன்று.

ஆப்பிரிக்கச் சமையல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது, காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே குழம்பு என்று சொல்வதைப் போன்றது. மேற்குக் கரையின் ஜொலோஃப் சோறு தக்காளியிலும் சிவப்புக் குடைமிளகாயிலும் வேகும் வேறோர் உலகம். அதை இதனோடு கலக்க வேண்டாம். கிழக்குக் கரையை நான் தேர்ந்துகொள்வதற்குக் காரணம், அந்தக் கரைக்கும் நமக்கும் பருவக்காற்றுகள் நூற்றாண்டுக் கணக்கில் பாய்மரக் கப்பல்களை ஓட்டிக் கொடுத்திருப்பதுதான். கிராம்பு மரம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பிறந்தது என்றாலும், 19ஆம் நூற்றாண்டில் சான்சிபாரும் அதன் அருகிலுள்ள பெம்பா தீவும் உலகச் சந்தைக்கே கிராம்பு அனுப்பும் இடங்களாயின. சேர்வராயன் மலையின் காப்பிச் செடியும் ஆப்பிரிக்க வழிவந்ததே. எத்தியோப்பியக் காடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட அந்தச் செடியை, 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் ஊன்றினார். அதே தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றிப் படரும் கொடிமிளகைத்தான் நான் இந்தச் சோற்றுக்கு வாங்குகிறேன்.

வேண்டியவை

நான்கு பேருக்கு 2 கப் அரிசி போதும். சீரகச் சம்பாவே என் தேர்வு. பாஸ்மதி நீளமாக உதிர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கென ஒரு வாசனை இருப்பதால் தேங்காயோடு மல்லுக்கு நிற்கிறது. பொன்னிப் பச்சரிசியும் ஒத்துவரும். சற்றுக் குழைவாக வரும் என்பதைத் தவிர அதில் குறையில்லை. இட்லி அரிசியையும் ரேஷன் புழுங்கலரிசியையும் இதற்கு எடுக்க வேண்டாம்.

நன்கு முற்றிய பெரிய தேங்காய் 1, பெரிய வெங்காயம் 3, பூண்டு 8 பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, முழுப் பச்சை மிளகாய் 3, தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி ஆகியவை மற்ற பொருட்கள். மசாலைக்குச் சீரகம் 2 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, கிராம்பு 6, ஏலக்காய் 5, இரண்டு அங்குல நீளமுள்ள பட்டை 1. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மசாலைச் சரக்கு வாங்குபவர்கள் கிராம்பை நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்குவது நல்லது. எண்ணெய் கசியாமல் வெறும் குச்சியாக உடையும் கிராம்பு, ஏற்கெனவே தைலம் எடுக்கப்பட்ட சக்கையாக இருக்கலாம். பட்டையில் சுருள் சுருளாக மெல்லியதாக இருப்பதை எடுக்க வேண்டும். கட்டைபோலத் தடித்தது காரமும் துவர்ப்பும் கூடி, இந்தச் சோற்றின் மென்மையைக் கெடுத்துவிடும்.

மஞ்சள்தூள் வேண்டாம், கறிவேப்பிலை வேண்டாம், சோம்பும் வேண்டாம். கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை ஓர் இணுக்கு விழுந்தாலும் சோறு உடனே நம் ஊர்ச் சாதமாகிவிடுகிறது.

பால் எடுத்தல்

இந்தச் சமையலின் பாதி வேலை இதுதான் என்பதால் இதில் அவசரம் காட்டக்கூடாது. சுவாகிலி வீடுகளில் தேங்காய் துருவுவதற்கு மடக்கக்கூடிய குட்டையான மரப்பலகை ஒன்று உண்டு. அதன் முனையில் பல் வைத்த இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், துருவுபவர் அந்தப் பலகையின்மீதே அமர்ந்துகொள்வார். அதற்கு ‘ம்புசி’, அதாவது ஆடு, என்று பெயர். அரிவாள்மணையின் நுனியில் துருவிப் பூ வைத்திருக்கும் நமக்கு அந்தக் கருவியை யாரும் விளக்கவேண்டியதில்லை. மூடியின் ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரும்வரை துருவாமல் வெள்ளையோடு நிறுத்திக்கொண்டால் பால் தூய நிறத்தில் கிடைக்கும்.

துருவலுடன் முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து மிக்சியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் ஏறக்குறைய 1 கப் கெட்டிப் பால் வரும். இதுதான் முதல் பால். தனியே மூடி வையுங்கள். சக்கையை மீண்டும் மிக்சியில் இட்டு, இரண்டு கப் தண்ணீரில் ஒருமுறையும் ஒன்றரைக் கப் தண்ணீரில் மறுமுறையும் அரைத்துப் பிழிந்தால் மூன்றேகால் கப் அளவுக்குத் தண்ணிப் பால் சேரும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டியதற்குக் காரணம் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். மார்கழியில் ஏற்காட்டு வீடுகளில் எண்ணெய்ப் புட்டி கல்லாக உறைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, குளிர்ந்த தண்ணீரில் அரைத்தால் கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும் என்பது எளிதில் விளங்கும்.

பாலை ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று கேட்டால், என் தோல்வியைத்தான் பதிலாகச் சொல்லவேண்டும். முதன்முறை இதைச் சமைத்தபோது எல்லாப் பாலையும் ஒன்றாகக் கொட்டி அரிசியைப் போட்டேன். கொழுப்பு மிகுந்த அந்தக் கெட்டிப் பாலில் அரிசி தண்ணீரை எளிதில் உறிஞ்சவில்லை. கொதி கூடியதும் பாலின் புரதம் திரிந்து சிறு சிறு கட்டிகளாக மிதந்தது. அதிலுள்ள இனிப்பு அடியில் படிந்து தீய்ந்துபோனது. மேலே நறுக்கரிசி, கீழே கரி. பாத்திரத்தைத் தேய்க்கவே ஒரு மாலை சென்றது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “கெட்டிப் பாலைக் கொதிக்க விடலாமா கண்ணு? அதைக் கடைசியில் ஊற்றி, சோற்றுச் சூட்டிலேயே அடங்க விடவேண்டும்” என்று மட்டும் சொன்னார். அரிசி தண்ணிப் பாலில் வேக வேண்டும். கெட்டிப் பால் அதன்மேல் இறங்கவேண்டும். இம்முறையில் இதைவிட முக்கியமான குறிப்பு வேறு இல்லை.

கடையில் விற்கும் பொட்டலத் தேங்காய்ப்பாலைப் பயன்படுத்துபவர்கள் 200 மில்லி பாலில் பாதியை மூன்று கப் தண்ணீரில் கரைத்துத் தண்ணிப் பாலாகவும், மீதியை அப்படியே கெட்டிப் பாலாகவும் கொள்ளலாம். திரியாமல் நிற்பதற்கான பொருட்கள் அதில் சேர்க்கப்பட்டிருப்பதால் வேலை சுலபம், மணம் பாதிதான்.

வெங்காயம் சிவக்கும் நேரம்

அரிசியை இரண்டு முறை களைந்து 20 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை முழுதும் வடித்துவிடுங்கள். அந்த இடைவெளியில் மசாலைச் சரக்குகளை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுக்கலாம். சீரகம் வெடித்து நிறம் மாறத் தொடங்கியதும் இறக்கி, ஆறவைத்து, சிற்றுரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளவும். மாவாக அரைத்தால் சோறு சாம்பல் நிறம் கொள்ளும். பூண்டையும் இஞ்சியையும் அதே உரலில் தனியே தட்டிக்கொள்ளலாம்.

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து, மெல்லிய பிறைகளாக அரிந்த வெங்காயத்தைச் சிட்டிகை உப்புடன் போடுங்கள். இந்த இடத்தில்தான் நம் கைப்பழக்கம் நம்மை ஏமாற்றும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் அடுத்த பொருளைப் போடுவது நம் வழக்கம். இங்கோ அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம் வரை கிளறிக்கொண்டே இருக்க, முதலில் ஓரங்கள் பொன்னிறமாகி, பிறகு முழுவதும் பனங்கருப்பட்டியின் நிறத்துக்குச் சுருங்கும். வாசனையில் இனிப்புப் போய் லேசான கசப்பு தொடங்கும் நொடியில் ஒரு குழிக்கரண்டித் தண்ணீரைத் தெளிக்கவேண்டும். ‘சொய்ங்’ என்ற ஓசையுடன் வெங்காயத்தில் இறுகியிருந்த நிறம் தண்ணீரில் கரைந்து பழுப்புச் சாறாக வெளிவரும். பிலாவுக்கு நிறம் கொடுப்பது இந்தச் சாறுதான், மஞ்சள் அன்று. வெங்காயம் பாதி சிவந்தால் சோறு வெளுத்துப்போகும். கருகினால் சோறு முழுவதும் கசக்கும். இடையிலுள்ள அந்த அரை நிமிடத்தைத் தவறவிடாதிருக்க, இந்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தாலும் எடுக்காதிருப்பதே நலம்.

தண்ணீர் சுண்டியதும் தட்டிய பூண்டையும் இஞ்சியையும் சேர்த்துப் பச்சை வாசனை போக ஒரு நிமிடம் வதக்குங்கள். இடித்த மசாலையில் முக்கால் பங்கை இப்போது போட்டு, மீதியைப் பின்னர் தூவுவதற்காக எடுத்து வைக்கவும். வடித்த அரிசியைச் சேர்த்து, ஒவ்வொரு மணியிலும் எண்ணெய் பூசப்படும்வரை இரண்டு நிமிடம் மெதுவாகப் புரட்டுங்கள். சீரகச் சம்பா குட்டையான, மென்மையான மணி. கரண்டியால் குத்தினால் நொய்யாகிவிடும். இதற்குப் பிறகு இறக்கும்வரை சோற்றைக் கிளறவே கூடாது.

பாலில் வேகவைத்தல்

தண்ணிப் பாலை வேறோர் அடுப்பில் ஆவி எழும்வரை மட்டும் சூடாக்கி அரிசியில் ஊற்றி, உப்பும், கீறாத முழுப் பச்சை மிளகாய்களும் சேர்க்கவும். மிளகாயைக் கீறாமல் போட்டால் காரம் உள்ளேயே தங்கி, மணம் மட்டும் சோற்றில் இறங்கும். காரம் வேண்டுபவர்கள் தட்டில் வைத்துப் பிசைந்துகொள்ளலாம்.

மூடி போடாமல் மிதமான தீயில் வேகவிடுங்கள். பால் பொங்கி வழிய வருமானால் தீயைக் குறைக்கவேண்டும். ஊதி அடக்குவதில் பயனில்லை. ஏழெட்டு நிமிடத்தில் பால் மட்டம் இறங்கி, அரிசியின் மேற்பரப்பில் நண்டு வளை போலக் குழி குழியாகத் தோன்றும். இதுதான் முதல் பால் இறங்கவேண்டிய தருணம். கரண்டிக் காம்பால் அடிவரை ஆறேழு துளைகள் இட்டு, கெட்டிப் பாலைச் சுற்றிலும் பரவலாக ஊற்றி, எடுத்து வைத்த மசாலையைத் தூவி, இறுக்கமான தட்டால் மூடுங்கள். பாத்திரத்தின் அடியில் பழைய தோசைக்கல் ஒன்றை வைத்துத் தீயை முடிந்த அளவுக்குச் சிறிதாக்கி 12 நிமிடம் விடவேண்டும். பிறகு அடுப்பை அணைத்து, தட்டைத் திறக்காமல் இன்னும் 10 நிமிடம் பொறுங்கள்.

சுவாகிலிக் கரையில் இந்தக் கட்டத்தில் அடுப்பிலிருந்து கங்குகளை எடுத்து மூடியின்மேல் பரப்பிவிடுவார்கள். மேலும் கீழும் ஒரே சூடு கிடைப்பதால் மேல்மணியும் ஈரமின்றி உதிரும். நம் ஊரில் பிரியாணிக்குத் தம் போடும்போது செய்வதும் இதுவே. கேஸ் அடுப்புக்காரர்கள் தட்டின்மேல் கொதிக்கும் நீர் நிறைந்த பாத்திரம் ஒன்றை வைத்தால் ஓரளவு அதே பலன் கிடைக்கிறது.

அடியில் ஒட்டும் பொன்னிறக் காந்தலைக் குறையாக எண்ண வேண்டாம். சுவாகிலியில் அதற்கு ‘உகோகோ’ என்று தனிப்பெயரே இருக்கிறது. தேங்காயின் எண்ணெயில் வறுபட்டு மொறுமொறுப்பாக இருக்கும் அதைச் சுரண்டிச் சோற்றின் உச்சியில் வைத்துப் பரிமாறினால், பெரியவர்களின் தட்டுக்கு அது போய்ச் சேராது.

குக்கரில் வைப்பவர்கள் தண்ணிப் பாலை இரண்டரைக் கப்பாகக் குறைத்து, சிறு தீயில் ஒரு விசில் வந்ததும் அணைத்து, ஆவி தானாக அடங்கியபின் திறந்து கெட்டிப் பாலை ஊற்றி மீண்டும் பத்து நிமிடம் தம்மில் விடலாம். கெட்டிப் பாலையும் உள்ளே விட்டு விசில் வைப்பது நான் மேலே சொன்ன விபத்துக்கே திரும்பும் வழி.

மலைமேல் சமைப்பவர்களுக்கு

சேலத்தில் தப்பாமல் வந்த அளவு ஏற்காட்டில் எனக்கு ஒருமுறை கைகொடுக்கவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய் உறவினர் வீட்டில் பெருமையாகச் சமைத்தேன். பால் முழுதும் வற்றியும் அரிசியின் நடுவில் வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைந்து, அங்கே தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பதைப் பார்த்துத் தீயைக் கூட்டினால் சூடு கூடாது. ஆவிதான் வேகமாகப் போகும். ஆகவே மலையில் அரிசியை 40 நிமிடம் ஊறவைத்து, தண்ணிப் பாலை இன்னும் அரைக் கப் கூட்டி, பாதி நேரத்துக்குத் தட்டை அரைகுறையாக மூடி வேகவிடுங்கள். தம் நேரமும் 12 நிமிடத்திலிருந்து 18 நிமிடமாகட்டும். குக்கர் அழுத்தத்தைக் கூட்டிச் சமைப்பதால் அங்கே அதற்கு இந்தச் சிக்கல் குறைவு.

தொட்டுக்கொள்ள

முதலில் கச்சும்பரி. தக்காளியையும் வெங்காயத்தையும் மெல்லியதாக அரிந்து, வெங்காயத்தை மட்டும் உப்பில் பிசறி அலசிக் காரம் போக்கி, பச்சை மிளகாய், மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் முடிந்தது. வட இந்தியாவின் கச்சும்பர் கடல் தாண்டிப் பெற்ற பெயர் இது. தயிர்ப் பச்சடி வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பாலில் வெந்த சோற்றுக்குப் புளிப்பும் மொறுமொறுப்பும்தான் துணை.

சேலத்துக்காரர்கள் விட்டுவிடக் கூடாதது தேங்காய்ப்பாலில் வெந்த மரவள்ளிக்கிழங்கு. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கை அல்ல, சந்தையில் சமையலுக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்கவேண்டும். மேல்தோலோடு உள்தோலையும் உரித்து, துண்டாக்கி, மூடாமல் மெத்தென்று வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வதக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு சூடு காட்டி இறக்கினால், அது தாருஸ்ஸலாமிலும் அடையாளம் தெரியும் உணவு. புலால் உண்பவர்கள் மேட்டூர் அணைக் கட்லாவின் துண்டுகளைத் தணலில் வாட்டி, புளியும் மஞ்சளும் சேர்த்துக் குறுக்கிய தேங்காய்ப்பாலைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே சுடலாம்; அந்தக் கரையினர் கடல்மீனில் இப்படிச் செய்கிறார்கள்.

மாம்பழக் காலமாயின் ஒரு தட்டில் மாங்காய்க் கீற்றுகளும் உப்பும் மிளகாய்த்தூளும் இருக்கட்டும். 1331ஆம் ஆண்டில் அதே கிழக்குக் கரையின் மொகதிசுவுக்குச் சென்ற மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அங்கே நெய்யில் சமைத்த சோற்றுக்குத் துணையாக எலுமிச்சை ஊறுகாயும் பச்சை இஞ்சியும் மாங்காயும் வைத்ததை எழுதியிருக்கிறார். ஆகவே இது என் சேலத்துப் பற்றினால் சேர்த்தது மட்டுமன்று.

பெரியம்மா அடிக்கடி நினைவூட்டும் ஓர் எச்சரிக்கை மீதமிருக்கிறது. தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு வெறும் சோற்றைவிட விரைவில் ஊசிப்போகும். சித்திரை வெயிலில் காலையில் கட்டிய பொட்டலம் மதியம் பிரிக்கும்போது நூல்விட்டிருக்கும் என்பதால், பயணத்துக்கு இதைக் கட்டிக்கொண்டு போகவேண்டாம். மிஞ்சினால் ஆறியவுடன் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடி, சிறுதீயில் நன்றாக ஆவி பறக்கும்வரை சூடாக்கி அப்போதே உண்டுவிடவேண்டும். உறைந்திருந்த தேங்காய் எண்ணெய் உருகியதும் மணிகள் மறுபடி தானாக உதிரும்.